கடலோர வீட்டில் ஸ்பேசர்: தினசரி இன்ஹேலருக்கு ஏற்ற துணைக்கருவியா?

தேவிபட்டினம் பக்கத்தில் சீமைக்கருவேலங் கரிமூட்டங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் தந்தைக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளது. பீடியை விட்டுவிட்டார், நோயும் இப்போது நிலையாக இருக்கிறது. ஆகவே அவருக்குத் தேவைப்படுவது தினமும் எடுக்கும் மருந்து மூச்சுக்குழல்களின் உள்ளே போய்ச் சேர்வதுதான். அதற்காக வாங்கிய ஸ்பேசரைப் பற்றியதே இந்த மதிப்புரை. இது இருபுறமும் திறப்புள்ள பிளாஸ்டிக் குடுவை; ஒரு முனையில் இன்ஹேலரைப் பொருத்தி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும்.

முன்பு அவர் கேப்ஸ்யூலைத் துளைத்துப் பொடியை உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்தினார். அதற்கு வேகமாகவும் வலுவாகவும் உறிஞ்ச வேண்டும். இளைப்பு உள்ள முதியவருக்கு அந்த வலு எப்போதும் இருப்பதில்லை. போதாக்குறைக்குக் கடற்காற்றின் ஈரம் வேறு: அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைத்த கேப்ஸ்யூலில் பொடி கட்டிக்கொள்ளும். இவற்றைக் கேட்ட மருத்துவர் அழுத்தி அடிக்கும் இன்ஹேலருக்கு மாற்றி, ஸ்பேசரையும் எழுதிக் கொடுத்தார்.

இன்ஹேலரை நேரடியாக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பங்கு தொண்டையில் மோதித் தங்கிவிடுகிறது. ஸ்பேசரோ அந்த மருந்துப் புகையைச் சற்று நேரம் தாங்கி வைத்துக்கொள்வதால், அழுத்துவதும் உறிஞ்சுவதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்ஹேலரைக் குலுக்கி, ஒரு முறை மட்டும் அழுத்தி, மெதுவாக ஆழ இழுத்து, பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால், ஸ்பேசர் இருந்தாலும் வாய் கொப்பளிப்பதை விடக்கூடாது.

சில நூறு ரூபாய் விலைக்குக் கருவி தகும். ஆனால் விற்ற மருந்துக்கடையில் செய்முறை காட்ட ஒருவரும் இல்லை. உள்ளே இருந்த தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கழுவ வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. புது பிளாஸ்டிக்கில் உள்ள நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும். வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் குடிநீரில்தான் அலசுகிறோம். சட்டைப்பையில் அடங்காத அளவு ஒரு குறை. பேருந்துப் பயணத்துக்குத் துணிப்பை தேவைப்படுகிறது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். உள்ளே மூச்சை ஒரே திசையில் விடும் மென்தகடான வால்வு விறைத்தாலோ குடுவை விரிசல் விட்டாலோ மாற்றிவிட வேண்டும். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசிக்குப் போகும்போது ஸ்பேசரையும் எடுத்துச் சென்று, மருத்துவர் முன்னால் நோயாளியை ஒரு முறை உறிஞ்சிக் காட்டச் சொல்லுங்கள்.