யாஷிகா மேட் 124ஜி: படம் கொஞ்சம், பேச்சு நிறைய

இந்தக் கேமரா கழுத்தில் தொங்கினால் தெருவில் நிம்மதியாக நடக்க முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1970-ல் வந்த இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமரா இது. மேல் லென்ஸ் பார்க்க, கீழே இருக்கும் 80 மி.மீ. லென்ஸ் படம் எடுக்க. மேல்மூடியைத் திறந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். அப்படி நின்றிருந்தபோது ஒரு பெரியவர், "என்ன தம்பி, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். கேமரா என்றதும் அவரும் எட்டிப் பார்த்தார், அந்தச் சின்னத் திரையில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பதால் வலப்பக்கம் போகிற சைக்கிள் இடப்பக்கம் போவதைக் கண்டு சிரித்தே விட்டார்.

பெரிய டிஜிட்டல் கேமராவை முகத்துக்கு நேரே தூக்கினால் "எதுக்கு எடுக்கறீங்க?" என்று முறைப்பவர்கள், இதைப் பார்த்தால் "இன்னும் ஃபிலிம் கிடைக்குதா?" என்று தாங்களாகவே பேச வருகிறார்கள். இது நம் முகத்தை மறைப்பதில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஷட்டர் லென்ஸோடு இருப்பதால் சத்தமும் ஒரு மெல்லிய 'டிக்'தான் (அதற்காகக் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள்).

இதில் போடும் '120' என்கிற அகலமான ஃபிலிம் ரோலில் 12 படம் மட்டுமே. பழைய கேமரா, அதனால் அதிலுள்ள லைட் மீட்டரை (வெளிச்சம் அளக்கும் கருவி) நம்பி வாங்க வேண்டாம். அப்புறம், நல்ல வெளிச்சம் விழும் நேரம் பார்த்து யாராவது "எங்க தாத்தாகிட்டயும் இது இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார்கள். போன வாரம் அப்படி வந்தவரையே நிற்கவைத்து எடுத்துவிட்டேன், ரோலில் உருப்படியாக வந்தது அந்த ஒன்றுதான்.