கிளாசிக் 350ஆ, எக்ஸ்பல்ஸ் 200ஆ?

ஒரே வண்டியில் ஆபீஸும் போகணும், ஊரும் சுத்தணும் என்றால் கடைசியில் வந்து நிற்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக், ஹீரோ எக்ஸ்பல்ஸ் என்ற இந்த இரண்டு பைக்கில்தான்.

எடை: கிளாசிக் 195 கிலோ, எக்ஸ்பல்ஸ் 4வி (நான்கு வால்வு மாடல்) சுமார் 159. நெரிசலில், பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போதுதான் அந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

உயரம்: கிளாசிக் சீட் 805 மி.மீ., எக்ஸ்பல்ஸ் 825. குள்ளமானவர்கள் கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

நெடுஞ்சாலை: இங்கே கிளாசிக்தான். 27 என்எம் டார்க் (இழுக்கும் சக்தி) இருப்பதால் ஆள் ஏற்றிக்கொண்டு எண்பதில் அலுங்காமல் போகும், எக்ஸ்பல்ஸோ நூறைத் தாண்டினால் திணறும்.

மோசமான ரோடு: எக்ஸ்பல்ஸ், பேச்சே இல்லை. முன்னால் 21 இன்ச் சக்கரம். பள்ளத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்கவே தோன்றாது.

செலவு: வாங்கவும் ஓட்டவும் எக்ஸ்பல்ஸ் மலிவு.

வீட்டம்மாவோடு நீண்ட தூரம் போகிறவருக்குக் கிளாசிக். தனியாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மண்பாதையிலும் இறங்குகிறவருக்கு எக்ஸ்பல்ஸ்.