லியோனியா, லோச்சா? பிரிக்பீல்ட்ஸ் திரையிடலுக்கு எந்தப் படம்?

புரட்சி, நட்பு, கடைசியில் மிஞ்சும் கசப்பு. மூன்றையும் பேசும் போர்ப்படம் ஒன்றை அடுத்த மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்களோடு போடலாம் என்று பேச்சு வந்ததும் இரண்டு படங்கள் போட்டிக்கு வந்தன. ஒன்று செர்ஜியோ லியோனியின் ‘டக், யூ சக்கர்’ (1971). மற்றது கென் லோச்சின் ‘தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’, 2006இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கியது. என் ஓட்டு லோச்சுக்குத்தான். ஆனாலும் லியோனியை லேசில் தள்ளிவிட முடியாது.

லியோனியின் கதை 1913 மெக்சிகோவில் நடக்கிறது. ஹுவான் கொள்ளைக்காரன். ஜான் அயர்லாந்திலிருந்து தப்பி வந்த வெடிகுண்டு நிபுணன். வங்கியைக் கொள்ளையடிக்கப் போனால் உள்ளே தங்கம் இல்லை, அரசியல் கைதிகள்தான். அவர்களைத் திறந்துவிட்ட பாவத்துக்கு ஹுவான் புரட்சி வீரனாகிவிடுகிறான். இதுவரை சிரித்துக்கொண்டே பார்க்கலாம். அப்புறம் ஒரு குகையில் அவன் பிள்ளைகள் பிணமாகக் கிடக்கிறார்கள். ஆறு பேருமே போய்விட்டார்கள், இதற்கு முன் எண்ணிப் பார்த்ததே இல்லை என்கிறான். ஹுவானாக நடித்த ராட் ஸ்டைகர் அதைச் சொல்லும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். எனியோ மோரிகோனியின் இசையோ கேட்கவே வேண்டாம். ஆனால் அதன்பிறகும் ரயில், வெடி என்று கதை ஓட, அந்தத் துக்கம் பின்னுக்குப் போய்விடுகிறது.

லோச் ஓடவிடுவதில்லை. 1920, அயர்லாந்தின் கார்க். மருத்துவம் படித்த டேமியன் லண்டன் வேலையை உதறிவிட்டு அண்ணன் டெடியோடு பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்துகிறான். சின்ன வயதிலிருந்தே தெரிந்த கிரிஸ் என்ற பையன் முதலாளியின் மிரட்டலுக்குப் பயந்து காட்டிக்கொடுத்துவிட, டேமியன் அவனைத் தன் கையாலேயே சுட வேண்டிவருகிறது. சுட்டதோடு விடவில்லை, கிரிஸின் தாயிடம் போய்ச் சொல்கிறான். அவள் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள். வழி நெடுகப் பேச்சே இல்லை. போய்ச் சேர்ந்ததும், இனி என் முகத்தில் முழிக்காதே என்கிறாள். அந்த நடையைப் படத்தில் காட்டுவதே இல்லை, டேமியன் வாயால் கேட்கிறோம். அதனால்தான் இன்னும் வலிக்கிறது. 1921இல் பிரிட்டனோடு ஒப்பந்தம் வந்ததும் அதை ஏற்ற அண்ணன் ஒரு பக்கம், எதிர்த்த தம்பி ஒரு பக்கம். கடைசியில் தம்பியைச் சுட உத்தரவிடுவது அண்ணனேதான்.

நம் ஊர்க் கூட்டத்துக்கு இது தூரத்துக் கதை இல்லை. தோட்டங்களிலிருந்து நேதாஜி படைக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் வந்து உட்காரப் போகிறார்கள். தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதியை 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிட்ட புடு சிறை இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் வழக்கு. வெள்ளைக்காரன் கொடுத்த தண்டனை அது. தன் ஆளே தன் ஆளைச் சுடுவது அதைவிடப் பேசக் கடினமானது. லோச் அதைத்தான் பேசுகிறார், அதற்காகவே இந்தப் படத்தைக் கேட்கிறேன்.

நேரக் கணக்கிலும் லோச்தான் வசதி: 127 நிமிடம். லியோனியின் முழு வடிவம் 157. கார்க் ஆங்கிலம் காதில் சட்டென்று ஏறாது, சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். லியோனியை நீண்ட விடுமுறை நாளில் பெரிய திரையில், ஒலியைக் கூட்டி வைத்துப் போடுவோம்.