தாடை மூட்டு தேயுதுன்னு ஒன்றரை வருஷமா அலையுற டென்டல் காலேஜ், என் ரிவ்யூ (5க்கு 4)

காலேஜ் பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டவும் போறேன். சென்னைல ஒரு பிரைவேட் டென்டல் காலேஜ், ஓரல் சர்ஜரி டிபார்ட்மென்ட், நான் திருச்சிலேர்ந்து ராத்திரி பஸ் புடிச்சு போயிட்டு வரேன்.

எனக்கு விஷயம் முதல்ல தெரிஞ்சது நூல்லதான். அம்மா வீட்லயே பிளவுஸ் தைப்பாங்க, நான் ஹூக் வச்சு குடுப்பேன், கத்தரிக்கோல் எடுக்க சோம்பேறித்தனப்பட்டு நூலை பல்லாலதான் கடிப்பேன், பிளஸ் டூ முடிச்ச லீவுல ஒருநாள் கடிக்கிறேன் கடிக்கிறேன் நூல் அறுபடவே மாட்டேங்குது, என்னடான்னு கண்ணாடில பாத்தா பின்பல்லு ரெண்டு பக்கமும் முட்டிக்கிட்டு நிக்குது, முன்பல்லு மேலயும் கீழயும் தொடவே இல்ல, நடுவுல ஒரு சந்து.

பத்தாவது படிக்கும்போது கிளிப் போட்டு கழட்டினவ நான், அதனால அதே கிளினிக்குக்கு போனோம். வாயை பாத்த உடனே "ரீட்டெய்னர் ஒழுங்கா போட்டிருக்க மாட்ட"ன்னு தீர்ப்பு (கிளிப் கழட்டினப்புறம் பல்லு நகராம இருக்க மாட்டிக்கிறதுதான் ரீட்டெய்னர்), மறுபடி கிளிப்புக்கு 45,000 எஸ்டிமேட். நான் ஒருநாள் விடாம போட்டேங்க. அம்மா நம்பல, கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதையே சொல்லி சொல்லி திட்டு. இன்னொரு இடத்துல ஞானப்பல்லு முட்டி தள்ளுதுன்னாங்க. எனக்கு வலி பெருசா கிடையாது, வாய் தொறந்து மூடுறப்ப காதுகிட்ட மணல் நெரியுற மாதிரி சத்தம் மட்டும்தான், அதனால தாடை மூட்டை யாருமே தொட்டுக்கூட பாக்கல.

இந்த காலேஜ்ல முதல் நாள் ஒரு பிஜி (மேல்படிப்பு படிக்கிற டாக்டர்) மேடம் வாயை பாக்குறதுக்கு முன்னாடியே "பழைய போட்டோ இருக்காம்மா, சைடுலேர்ந்து எடுத்தது"ன்னு கேட்டாங்க. அம்மா போன்ல சித்தி வளைகாப்புல நான் தட்டு தூக்கிட்டு நிக்கிற போட்டோ இருந்துச்சு. அதை இப்ப இருக்குற மூஞ்சி பக்கத்துல வச்சு காட்டினாங்க, என் தாடையே உள்ள போயிருக்கு, தெனம் கண்ணாடி பாக்குற எனக்கே தெரியல! அப்புறம் காதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் விரலை வச்சு வாயை தொறந்து மூட சொன்னாங்க, தாடை முழுசும் ஒரே படத்துல தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே, அதுல சந்தேகப்பட்டு சிபிசிடின்னு ஒரு 3டி ஸ்கேன், வாயை மூடி ஒரு தடவ தொறந்து வச்சு ஒரு தடவன்னு எம்ஆர்ஐ.

கீழ்த்தாடை எலும்போட மேல் நுனில காதுக்கு முன்னாடி ஒரு உருண்டை இருக்கும், கான்டைல்னு பேரு, எனக்கு ரெண்டு பக்கமும் அது கரைஞ்சு தட்டையாயிருக்கு. உருண்டை குட்டையாக குட்டையாக தாடை பின்னாடி இறங்கி முன்பல்லு தொறந்துக்குது. இடியோபதிக் கான்டிலார் ரிசார்ப்ஷன்னு எழுதி குடுத்தாங்க, இடியோபதிக்னா காரணம் தெரியலன்னு அர்த்தமாம். ரொம்ப அபூர்வம், வந்தா பெரும்பாலும் டீன் ஏஜ் பொண்ணுங்களுக்குத்தான் வருது, இங்கிலீஷ்ல சியர்லீடர் சிண்ட்ரோம்னு ஒரு பட்டப்பேரு வேற. நான் இருந்தது என்எஸ்எஸ்ல, மரம் நட்டதோட சரி. பெரிய டாக்டர் அம்மாகிட்ட "ரீட்டெய்னர் பல்லைத்தான் புடிச்சு வைக்கும், மூட்டை புடிச்சு வைக்காதும்மா"ன்னார். அம்மா ஒண்ணும் பேசல, திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல கேக்காமலே ஜிகர்தண்டா வாங்கி குடுத்தாங்க.

இனிமேதான் நான் இவங்களுக்கு மார்க் போடுற இடம். மூட்டுவாதத்துலயும் இதே மாதிரி கரையுமாம், அதனால ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி, ஏஎன்ஏன்னு அதுக்கான ரத்த டெஸ்ட் எல்லாம் எடுத்து ரூமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டர்கிட்டயும் அனுப்புனாங்க, எல்லாம் நார்மல். அப்புறம் எலும்பு இன்னும் கரையுதா நின்னுடுச்சான்னு பாக்க போன் ஸ்கேன், அதாவது எலும்பு ஸ்கேன், டெக்னீஷியம்னு லேசா கதிர்வீச்சு இருக்குற மருந்தை ஊசில போட்டு மூணு மணி நேரம் தண்ணியா குடிச்சுட்டு உக்காந்திருக்கணும். வளர்ற வயசுல எலும்பு சும்மாவே ஸ்கேன்ல பளிச்சுனு தெரியுமாம், அதை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதனால ஆறு மாசத்துக்கு ஒருதடவ சைடு எக்ஸ்ரே, முன்பல்லு சந்து அளவு, போட்டோ. முதல்ல 3 மில்லிமீட்டர், அப்புறம் 4, அப்புறமும் 4. இந்த ரெண்டாவது 4க்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்னார் டாக்டர். கரைஞ்சுட்டிருக்கும்போது கிளிப்போ ஆபரேஷனோ பண்ணா மறுபடி தொறந்துக்கும், பணம் தண்டம். சும்மா இருன்னு சொல்ல சம்பளம் வாங்குற ஆளை நான் இங்கதான் பாத்தேன்.

அதுவரைக்கும் ராத்திரி பல்லு மேல மாட்டிக்க ஒரு ஸ்ப்ளின்ட், கெட்டி அக்ரிலிக்ல தட்டையா. முதல் வாரம் எச்சி ஒழுகும், தலையணை உறைய மாத்திக்கிட்டே இருக்கணும். சூயிங்கம், முறுக்கு, கரும்பு கிடையாது, கன்னத்துல கைய வச்சு படிக்கக்கூடாது. பொங்கலன்னிக்கு எல்லாரும் கரும்பு கடிக்கிறப்ப நான் ஜூஸ் குடிச்சேன், போகட்டும்.

ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா, டோக்கன் சிஸ்டம் படு மோசம். எட்டு மணிக்கு போய் நின்னாலும் பதினொண்ணு ஆவுது, ஊர்லேர்ந்து வர்றவங்கன்னு சொன்னா "எல்லாரும் ஊர்லேர்ந்துதான் வராங்க"ன்னு கவுன்டர்ல பதில். ஆறு மாசத்துக்கு ஒருதடவ பிஜி மாறிடுறாங்க, புதுசா வர்றவங்ககிட்ட நூல் கதைலேர்ந்து ஆரம்பிக்கணும். எம்ஆர்ஐ, போன் ஸ்கேன் ரெண்டும் வெளில, அந்த செலவை முன்னாடியே சொல்ல மாட்டேங்குறாங்க, எனக்கு ரெண்டும் சேத்து பன்னெண்டாயிரம் தாண்டிடுச்சு. பேசுறதுல பாதி இங்கிலீஷ், அம்மா தலைய ஆட்டிட்டு வெளில வந்து என்கிட்ட "என்னடி சொன்னாரு"ன்னு கேப்பாங்க.

அடுத்து கிளிப், அது முடிஞ்சா தாடை ஆபரேஷன். அதுக்கப்புறமும் கரைய ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு, அப்படி ஆனா செயற்கை மூட்டு வைக்குறது பத்தி பேசலாம்னு ஒளிக்காம சொல்லிட்டாங்க. பயமா இருக்கு, ஆனா எஸ்டிமேட்டை நீட்டுறதுக்கு முன்னாடி இதை சொன்னாங்களே.

போறவங்க பழைய எக்ஸ்ரே, கிளிப் போடுறதுக்கு முன்னாடி எடுத்த பல்லு அச்சு, சைடு போட்டோ எது இருந்தாலும் எடுத்துட்டு போங்க, கல்யாண ஆல்பம்னாலும் பரவால்ல. கேன்டீன்ல பொங்கல் நல்லா குழைவா இருக்கும், மெல்லவே வேண்டாம், ஒன்பதரைக்குள்ள தீந்துடும்.