அம்மாவின் குடல் அடைப்பும் அரசு மருத்துவமனை பெண்கள் வார்டும்

ஐந்து நாள் நான் பாய் விரித்துப் படுத்த இடத்தைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு அது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அம்மாவுக்கு 61 வயது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலி. இரண்டு மூன்று நிமிடம் முறுக்கும், விட்டுவிடும், மறுபடி வரும். இரவுக்குள் ஐந்து முறை வாந்தி. முதலில் சோறு, அப்புறம் பச்சையாகப் பித்தம். பக்கத்துக் கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி ஒரு ஊசி போட்டார்கள், வயிறு இளக சிரப்பும் எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிறு காலை அம்மாவுக்குக் கொஞ்சம் மலம் போனது, காற்றும் பிரிந்தது. சரியாகிவிட்டது என்று நம்பி சிரப்பையும் கொடுத்தோம். மதியத்துக்குள் வயிறு பானை போல் உப்பிவிட்டது.

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் பெண்ணுக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். முதல் வேலையாகச் சேலையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். “இந்தத் தழும்பு எப்பம்மா?” என்றார். 2004-ல் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். கிளினிக்கில் அந்தத் தழும்பை யாரும் கேட்கவே இல்லை. நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குடலுக்குள் காற்றும் நீரும் படிக்கட்டு மாதிரி மட்டம் மட்டமாக நின்றன. சி.டி. ஸ்கேனில் சிறுகுடலில் பாதி அடைப்பு என்று உறுதியானது.

எனக்குப் புரியவில்லை என்றதும் அவர் அம்மாவின் முந்தானையில் தொங்கிய ஒரு நூலை மெதுவாக இழுத்துக் காட்டினார். துணி அந்த இடத்தில் சுருங்கியது. “ஆபரேஷன் பண்ணின இடத்துல உள்ளே நார் மாதிரி வளர்ந்து ஒட்டிக்கும். பல வருஷம் கழிச்சுக்கூட குடலை இப்படிப் பிடிச்சு இழுக்கும்.” சிறுகுடல் அடைப்புக்கு இந்த ஒட்டுதான் பெரும்பாலும் காரணமாம். குடலிறக்கம், கட்டி, நம் ஊரில் குடல் காசநோய்கூடக் காரணமாகலாம். பாதி அடைப்பு என்பதால்தான் இடையில் காற்றும் மலமும் போயிருக்கிறது. நாங்கள் ஏமாந்தது அதில்தான். அடைத்த குடலை மருந்து கொடுத்து முடுக்கினால் வலியும் ஆபத்தும் கூடும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் பச்சை நீர் பையில் இறங்கியது. எச்சில், இரைப்பை நீர், பித்தம் என்று சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 7 லிட்டர் வரை குடலுக்குள் சுரக்கிறது. வழி அடைத்தால் அது திரும்பி மேலே வரும். உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் குறையும். அதனால் வாயில் ஒரு சொட்டு இல்லை, டிரிப் மட்டும். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் பை நீரையும் சிறுநீரையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு நேரம்கூட விடவில்லை.

நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான்: அவர்கள் அவசரப்பட்டு வயிற்றைக் கிழிக்கவில்லை, கவனிக்காமலும் விடவில்லை. திறந்தால் புதிய ஒட்டு வரும். அதனால் 72 மணி நேரம் வரை பொறுக்கலாம் என்றார்கள். ஆனால் விட்டு விட்டு வந்த வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி ஏறினாலோ, வயிறு கல்லாக இறுகினாலோ உடனே ஆபரேஷன். அப்படி ஆனால் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கியிருக்கலாம். ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, விடியற்காலை மூன்று மணிக்கும், அதே டாக்டரோ அவருடைய சீனியரோ வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: “காத்து பிரிஞ்சுதாம்மா?” அம்மா முதலில் வெட்கப்பட்டார். செவ்வாய்க்கிழமை அவரே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அதற்கு முந்தின நாள் குழாய் வழியாக எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து 100 மில்லி விட்டிருந்தார்கள். மறுநாள் படத்தில் அது பெருங்குடலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கத்தி இல்லாமலே சரியாகும் என்பதற்கு அது நல்ல அடையாளம் என்றார் சீனியர் டாக்டர். புதன்கிழமை குழாயை எடுத்தார்கள். இளநீர் முதல் மிடறு இறங்கியபோது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இனி குறை. சி.டி.க்கு நான்கு மணி நேரம் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருந்தோம். மூக்கில் குழாயோடு ஒரு வயதானவரை நடையில் கிடத்தக் கூடாது. வார்டுக் கழிப்பறையில் ராத்திரி தண்ணீர் இல்லை, தம்பி கீழிருந்து வாளியில் கொண்டுவந்து வார்டு வாசலில் வைத்தான். இன்னொன்று, ஏன் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டிக்கு அவருடைய மருமகள் பாவம் என்று டீ கொடுத்துவிட்டார், உடனே வாந்தி. சேர்க்கும்போதே ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. இதற்குத்தான் அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இந்த நோய்க்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ராத்திரியிலும் அறுவை மருத்துவரும் தியேட்டரும் தயாராக இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஏசி அறையும் சாப்பாடும் அப்புறம்தான்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரத்துக்குக் குழைந்த சாதம், நார் அதிகம் உள்ளது வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக மென்று சாப்பிட வேண்டும். இது மறுபடி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கத்தில் அந்த டாக்டர் பெண் தமிழில் எழுதிக் கொடுத்தார்: “வயிற்று வலியோடு பச்சை வாந்தி வந்தால் எதுவும் கொடுக்காமல் நேரே இங்கே வரவும். தழும்பைக் காட்டவும்.” அதைப் போட்டோ எடுத்து தம்பிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.