திருகோணமலையில் 'பேபி ரூம் செட்' ஓடர் கொடுக்கிறவர்களுக்கு: மிச்சக் காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

புதுத் தொட்டில் என்று காசு வாங்கிவிட்டு, யாரோ பாவித்துக் கழித்த தொட்டிலுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து எங்களுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். தொட்டில், மெத்தை, நுளம்பு வலை, உடுப்பு அலுமாரி, அறைச் சுவருக்குப் பெயின்ற், எல்லாம் சேர்த்து ஒரே விலை. முதல் பிள்ளைக்கு அறை ஆயத்தம் செய்கிறவர்களைக் குறிவைத்து விற்கிற சாமான் இது. கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை. ஆனால் வந்த சாமானில் என்னென்ன பிழை, அதை எப்படிப் பிடிப்பது என்பதை அளவுகளோடு எழுதலாம்.

ஏழாம் மாதத்தில் ஓடர். அரைவாசிக்கு மேல் முற்பணம். மூன்று கிழமையில் தருவதாகப் பேச்சு. வந்து இறங்கியது பிரசவத் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அதுவும் பொழுதுபட்ட பிறகு. இந்தப் பிந்துகை தற்செயல் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது நாளில் திருப்பி அனுப்பி வேறு செய்விக்க ஒருவருக்கும் நேரமில்லை, இரவு லைற் வெளிச்சத்தில் பெயின்ற்றின் குறையும் தெரியாது.

பிள்ளை பிறக்க முதல் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பார்ப்பார்கள். அதனால்தான் கடைசி நேர ஓடர்கள் அதிகம், கடைக்காரருக்கும் அது வடிவாகத் தெரியும். வீட்டில் பெரியவர்களோடு இதற்காக மல்லுக்கட்டத் தேவையில்லை. ஓடரை ஆறாம் மாதத்தில் கொடுங்கள், எட்டாம் மாதத் தொடக்கத்தில் பட்டறையிலேயே போய் அளந்து பாருங்கள், பிறகு சித்தி வீட்டு விறாந்தையிலோ மாமா வீட்டுப் பின் அறையிலோ வைத்துவிடுங்கள். பெயின்ற், தின்னர் மணம் போகவும் எப்படியும் ஒரு மாதம் காற்றாட நிற்க வேண்டும்.

இனி அந்தத் தொட்டில். முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு ஸ்குரூத் துவாரம். தலைப்பக்கப் பலகையின் உட்புறம், அடிச்சட்டம் வந்து சேரும் இடத்தில் ஸ்குரூவைக் கழற்றினால் துவாரத்தின் விளிம்பில் மூன்று நிறம்: மேலே வெள்ளை, அதன் கீழே இளம்பச்சை, அதற்கும் கீழே கபில வார்னிஷ். ஒரு விரல் தள்ளி இன்னொரு பழைய துவாரம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து மேலால் பூசியிருந்தது. நகத்தால் கிண்டியதும் கட்டியாகக் கழன்று விழுந்தது. புதுத் தொட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவாரத்துக்கு வேலையே இல்லை. பெயின்ற் அடிக்கிறவர் சோம்பல்படும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: கால்களின் அடிப்பக்கம், சில்லு செருகும் குழி, மெத்தை தாங்கும் பலகைகளின் கீழ்ப்புறம். தொட்டிலைக் கவிழ்த்து வைத்து அந்த மூன்று இடத்தையும் பாருங்கள்.

பழைய பெயின்ற் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. புதிய பெயின்ற்றில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் 2013 முதல் எல்லை இருக்கிறது. அடியில் கிடக்கும் பச்சை அதற்கு முந்தியதா பிந்தியதா என்று யார் சொல்வது? பல் முளைக்கிற பிள்ளை மேல்சட்டத்தைத்தான் கடிக்கும். குழந்தைக்குக் கேடில்லாத ஈய அளவு என்று ஒன்றை உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை. பழைய பெயின்ற் என்று சந்தேகம் வந்தால் அரத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், தூசி இன்னும் மோசம், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

அளவுகளுக்கு வருவோம். நிற்கும் கம்புகளுக்கு இடையிலான வெளி அமெரிக்க விதிப்படி 2⅜ அங்குலம், அதாவது 6 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பிய நியமத்தில் 4.5 முதல் 6.5 வரை. எங்களுக்கு வந்ததில் 7 முதல் 8.5 வரை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. வெளி கூடினால் தலை புகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் போவது கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை மட்டும் உள்ளே மாட்டி உடல் வெளியே தொங்கும். நாடா கையில் இல்லையென்றால் 330 மில்லிலீற்றர் குளிர்பான ரின் ஒன்றைக் கொண்டுபோங்கள். அதன் விட்டம் கிட்டத்தட்ட 6.6 சென்ரிமீற்றர். அது கம்புகளுக்குள்ளால் போனால் அந்தத் தொட்டில் வேண்டாம். இரண்டு கம்பை இரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டும் ஒருமுறை பாருங்கள். மெல்லிய மரம் வளைந்து கொடுக்கும்.

மெத்தையின் மேற்பரப்பிலிருந்து மேல்சட்டம் வரை, அடித்தட்டு ஆகக் கீழே இருக்கும்போது 50 சென்ரிமீற்றராவது வேண்டும். வந்தது 38. எட்டு ஒன்பது மாதத்தில் பிள்ளை பிடித்து எழும்பத் தொடங்கும். 38 என்பது அதன் நெஞ்சு உயரம்கூட வராது, தலைகுப்புற விழும். அடித்தட்டை இரண்டு உயரத்தில் மாற்றக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் கீழே இறங்கும் தொட்டிலை இங்கே 'வசதி' என்று கூடக் காசுக்கு விற்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வகையை 2011 ஜூனில் தடை செய்துவிட்டார்கள். பூட்டுக் கழன்று பக்கம் சரிந்தால் மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே பிள்ளை சிக்கிக்கொள்ளும். கடல் காற்று உள்ள ஊரில் அந்த இரும்புக் கம்பி துருப்பிடித்து இறுகும், பிறகு ஒருநாள் திடீரென்று விடும். நான்கு பக்கமும் அசையாத தொட்டில்தான் வேண்டும்.

மூட்டுக்களைக் கையால் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பையும் பிடித்து முறுக்குங்கள். சுற்றினால் பசை இல்லை. சரியான வேலையில் கம்பு மேலும் கீழும் அரை அங்குலமாவது துளைக்குள் இறங்கிப் பசையோடு நிற்கும். எங்களுடையதில் சட்டத்தோடு முட்டவைத்து, தலையில்லாத ஊசி ஆணியைச் சரிவாக அறைந்திருந்தார்கள். மாரியில் ஊதிய மரம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்கும். அப்போது ஆணி மட்டும் மிஞ்சும்.

மரம் தேக்கு என்று சொல்லியிருந்தார்கள். தேக்குக்கு யாராவது வெள்ளைப் பெயின்ற் அடிப்பார்களா? நாங்கள் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். உள்ளே இருந்தது றப்பர் மரம். றப்பர் கெட்ட மரம் என்று சொல்ல வரவில்லை. போரன் மருந்து ஏற்றி ஒழுங்காகக் காயவைத்தால் தொட்டிலுக்கு நல்ல மரம்தான். மருந்து ஏற்றாவிட்டால் அதிலுள்ள மாப்பொருளுக்கு வண்டு வரும். இரண்டாம் கிழமையே அடித்தட்டுக்குக் கீழே, சலித்த கோதுமை மா மாதிரி, விரல் நுனியளவு குவியல்கள். ஊசி முனைத் துளையும் அதன் கீழே மாவும் கண்டால் அந்தப் பலகையை வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள், கதவு நிலைக்கும் போகும். ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் வைத்த ஹல்மில்ல விளைந்த மாவட்டம் இது. இங்கே இந்தச் சீர்.

மெத்தையின் உறையைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சிப் இல்லாமல் தைத்து மூடியிருந்தால் அதற்கும் காரணம் இருக்கும். எங்களுக்கு வந்ததில் மேலே ஒரு அங்குலம் புது ஃபோம், கீழே துண்டு துண்டாக ஒட்டிய பழைய ஃபோம், நடுவில் ஒரு பள்ளம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மறைய வேண்டும். கட்டில் மெத்தை மாதிரி மெதுமெதுவென்று இருந்தால் அது பிள்ளைக்கு ஆகாது, முகம் புதையும். மெத்தைக்கும் தொட்டில் பக்கத்துக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. எங்களுக்குக் கால்மாட்டில் நான்கு விரல் போனது. இந்தப் பிழை அடிக்கடி வருகிறது: மரவேலைக்காரர் வெளி அளவைச் சொல்வார், மெத்தைக்காரர் வழமையான 120க்கு 60 சென்ரிமீற்றரைத் தருவார். தொட்டிலின் உள் அளவு 122க்கு 62 இருந்தால் போதும். மெத்தையைச் சுற்றி வந்த பொலித்தீனைக் கழற்றி வெட்டி எறியுங்கள், 'ஈரம் படாமல் இருக்கட்டும்' என்று விடாதீர்கள்.

செட்டோடு இலவசமாக, தொட்டில் கம்புகளின் உட்புறம் சுற்றிக் கட்டும் ஓரத் தலையணைகளும் கடுகுத் தலையணையும் வந்தன. அவற்றை நாங்கள் தொட்டிலில் போடவில்லை. அமெரிக்காவில் ஓரத் தலையணை விற்பதையே 2022இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வேண்டும் என்று அம்மம்மா சொல்வார். மிட்வைப் மிஸ்ஸை வீட்டுக்கு வரும்போது அவருக்கு முன்னாலேயே கேளுங்கள், பாதிச் சண்டை குறையும். மல்லாக்காகப் படுக்க வைப்பது, வெறும் மெத்தை, இறுக்கமான விரிப்பு, அவ்வளவும்தான். ஏணையில் ஆட்டித் தூங்க வைத்தாலும் தூங்கியதும் மெத்தைக்கு மாற்றுங்கள். நாடி நெஞ்சோடு மடிந்தால் மூச்சு அடைபடும்.

நுளம்பு வலை ஒன்றுதான் ஓரளவு சரி. 2017இல் கிண்ணியா டெங்குவில் பட்டபாட்டைப் பார்த்த மாவட்டத்துக்கு வலை இல்லாமல் சரிவராது, பகலிலும் போட வேண்டும். வலையின் கட்டுக் கயிறுகளை மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வெட்டிக் குறையுங்கள்.

சுவரில் நடந்தது இன்னொரு ஏமாற்று. ஈரம் புகாத பெயின்ற் என்று, உப்புப் பூத்த சுவருக்கு மேலேயே இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்குக் கொப்பளித்து உரிந்தது. கழுவாத கடல் மணலில் பூசிய சுவர்களில் இது வழமை. உப்பைத் தண்ணீரால் கழுவக் கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூளை அள்ளி, கூரை ஒழுக்கோ நில ஈரமோ எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவர் காய்ந்த பிறகு காரம் தாங்கும் பிரைமர், அதன் மேல் எமல்ஷன். புதுப் பூச்சென்றால் 28 நாளாவது விட வேண்டும். இவ்வளவையும் ஒன்பது நாளில் செய்யவே முடியாது.

அலுமாரி மெலமைன் ஒட்டிய தூள்பலகை. இழுப்பறை மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் முன்னால் சாய்கிறது. சுவரில் துளையிட்டு ரோல் பிளக்கும் எல் வடிவ இரும்பும் போட்டு மேல்விளிம்பில் இறுக்கியிருக்கிறோம்.

'ஓடர் சாமான் திருப்பி எடுப்பதில்லை' என்பதுதான் கடையின் பதில். பற்றுச்சீட்டும் தரவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977. அந்த இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள், எழுதிக் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாததால் வங்கியில் காசு போட்ட துண்டு, வட்ஸ்அப்பில் 'தேக்கு, புதுசு' என்று அவர்கள் அனுப்பிய செய்தி, ஸ்குரூத் துவாரத்தின் படம், பக்கத்தில் அளவுநாடா வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்தோம். அடைத்த துவாரத்திலிருந்து விழுந்த கட்டியையும் ஒரு சின்னப் பொலித்தீனில் போட்டு வைத்திருக்கிறோம். மிச்சக் காசைக் கொடுக்கவில்லை.

ஓடர் கொடுக்கும்போது ஒரு தாளில் இதை எழுதி நீங்களும் கடைக்காரரும் கையெழுத்து வையுங்கள்: "புது மரம், இன்ன சாதி. உள் அளவு 122க்கு 62 சென்ரிமீற்றர். கம்பு இடைவெளி 6க்கு மேற்படாது. மெத்தைக்கு மேல் உயரம் 50க்குக் குறையாது. நான்கு பக்கமும் நிலையானவை. பெயின்ற் அடிக்க முதல் வாங்குகிறவர் வந்து பார்ப்பார். ஒப்படைப்பு பிரசவத் திகதிக்கு ஆறு கிழமைக்கு முன், பகலில். மிச்சக் காசு அளந்த பிறகு." பெயின்ற் பற்றிய அந்த வசனத்தைக் கேட்டதும் முகம் மாறுகிற கடையில் முற்பணம் வைக்காதீர்கள்.