புது டிரைவர் முதல் வண்டியை யாரிடம் எடுப்பது?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஹெவி லைசென்ஸ் வாங்கிய பையனுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. கேஸ் டேங்கர் ஓட்டும் மாமா டேங்கருக்கு வா என்பார். பார்சல் ஆபீஸில் இருக்கும் பங்காளி, கம்பெனி வேலைதான் நிம்மதி என்பார். பக்கத்துத் தெரு ஓனருக்கோ வடநாட்டு லைனுக்கு உடனே ஆள் வேண்டும். எல்லோரும் சம்பளத்தையும் படியையும் வைத்தே பேசுவார்கள். முதல் வேலைக்கு அந்தக் கணக்கு போதாது என்பது என் கட்சி. டயர் வெடித்தால், சரக்கு குறைந்தால், இறக்குகிற இடத்தில் மூன்று நாள் நின்றால் அந்த நஷ்டம் யார் பேரில் எழுதப்படும்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

அதற்கு முன் லைசென்ஸ் சமாச்சாரம். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். ஹெவிக்கு எல்.எல்.ஆர். போடவே கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். காத்திருக்கும் அந்தக் காலத்தை வீணாக்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது. டாடா ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளில் ஊருக்குள் லோடு அடித்துப் பழகியவனுக்குச் சந்தில் ரிவர்ஸ் எடுப்பதும் மார்க்கெட் ஆட்களிடம் பேசுவதும் தானாக வந்துவிடும்.

முதலில் சிறு ஓனர். மூன்று முதல் ஆறு லாரி வரை வைத்திருப்பவர். பெரும்பாலும் அவரே பழைய டிரைவர். தொழில் கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தார்ப்பாய் போடுவது, கயிறு இழுத்துக் கட்டுவது, ஸ்டெப்னி மாற்றுவது, புக்கிங் ஆபீஸில் வாடகை பேசுவது, எடைமேடைச் சீட்டைப் படிப்பது எல்லாம் இங்கேதான் கைக்கு வரும். ஆனால் ஓனருக்கு ஓனர் குணம் மாறும். அதைக் கண்டுபிடிக்கச் சில கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, டீசல் கணக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஓனர் ஒரு கணக்கு வைத்திருப்பார். அதற்கு மேல் குடித்த டீசலை டிரைவர் சம்பளத்தில் பிடிப்பவரும் உண்டு, மிச்சம் பிடித்தால் பங்கு தருபவரும் உண்டு. இறுக்கிப் பிடிக்கும் ஓனரிடம் புது டிரைவர் கற்றுக்கொள்ளும் முதல் கெட்ட பழக்கம், இறக்கத்தில் நியூட்ரல் போடுவது. தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இத்தனை விபத்துகள் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறி, கருகல் வாடை வரும்போது பிரேக் பிடிப்பே போயிருக்கும். "மலை இறக்கத்தில் என்ன கியர் போடச் சொல்வீர்கள்?" என்று ஓனரிடமே கேளுங்கள். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்பவரிடம் வேலைக்குச் சேரலாம். மைலேஜைப் பற்றிப் பேச ஆரம்பிப்பவரிடம் வேண்டாம்.

இரண்டு, ஓவர்லோடு. அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதை ஓனர் கட்டிவிடுவார், சரி. ஆனால் ஓவர்லோடு ஓட்டியதற்கு லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தால், அது உங்கள் லைசென்ஸ். ஓனர் அடுத்த நாளே வேறு டிரைவரை ஏற்றி அனுப்பிவிடுவார்.

மூன்று, நிற்கும் நாள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் சேர்வதற்கு முன் கேட்டான்: "ஏனுங்க ஓனரு, எறக்கற எடத்துல வண்டி நின்னுபோச்சுன்னா அந்த நாளுக்குப் படி உண்டுங்களா?" ஓனர் சொன்னார்: "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி." பாத்துக்கலாம் என்றால் கிடையாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதே ஊரில் இன்னொருவர், "மொத நாள் கெடையாது, ரெண்டாம் நாள்ல இருந்து முழுப் படி" என்று கறாராகச் சொல்வார். கறாராகப் பேசும் இவரை நம்பலாம்.

அவசரப்படுத்தும் ஓனர்கள் இ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு) கெடு முடிந்துவிடும் என்று மிரட்டுவதும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது விதி. சேலத்திலிருந்து மும்பை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், ஆக 6 நாள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓட்ட அந்த பில் சொல்லவில்லை.

அடுத்தது கம்பெனி வண்டி, அதிலும் பார்சல் லைன். குறித்த ரூட், குறித்த நேரம், மூடிய பாடி, தார்ப்பாய் வேலை இல்லை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். மாதச் சம்பளம் தேதி தவறாமல் வரும். குடும்பஸ்தனுக்கு இது பெரிய விஷயம். இரண்டு டிரைவர் நடுவழியில் வண்டியை மாற்றிக்கொண்டு அவரவர் ஊர் திரும்பும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் நடத்திப் பார்த்தன. அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். குறை என்னவென்றால், முழுக்க ராத்திரி ஓட்டம். விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் வரும் தூக்கத்தைப் பழக்கத்தால் வெல்லலாம் என்று நினைக்கும் புது டிரைவரைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். ஜி.பி.எஸ்., கேபினுக்குள் கேமரா என்று கண்காணிப்பும் அதிகம். அது தொல்லை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறுத்தின நேரமும் ஓட்டின நேரமும் பதிவில் இருந்தால் நாளைக்கு உங்களுக்கே சாட்சி.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டியின் நெற்றியில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே ஆர்.சி. புக்கில் வேறொருவர் பெயர் இருக்கும். ஹூப்ளியின் வி.ஆர்.எல். போலச் சொந்த வண்டிகளை வைத்தே பெரும்பாலும் ஓட்டுபவர்களும் உண்டு, அட்டாச் வண்டிகளை, அதாவது வெளி ஆட்களின் வண்டிகளை வாடகைக்குச் சேர்த்துக்கொண்டு தொழில் நடத்துபவர்களும் உண்டு. அட்டாச் வண்டியில் சேர்ந்தால் உங்கள் முதலாளி அந்த ஆர்.சி.காரர்தான். பெயர்ப் பலகையில் இருக்கும் நிறுவனத்திடம் போய் பி.எஃப். கேட்க முடியாது.

கண்டெய்னர் டிரெய்லரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னைத் துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, தெற்கே தூத்துக்குடி. டிரிப் கணக்கில்தான் பெரும்பாலும் சம்பளம், ஆனால் நேரமோ துறைமுக வரிசையில் போய்விடும். வண்டி நகராத நாளில் வருமானமும் நகராது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பகுதி இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். யார்டில் பத்துப் பேர் கத்தும்போது அதைப் பழகுவது கொடுமை. பத்துச் சக்கரத்தில் கை பழகிய பிறகு போகலாம்.

கேஸ் டேங்கர்தான் நாமக்கல்லின் பெருமை. தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் உரிமையாளர் சங்கமே இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆலையில் எடை போட்டு நிரப்புவதால் ஓவர்லோடு பிரச்சினை இல்லை, சரக்கு கட்டும் வேலை இல்லை, கூலி ஆட்களோடு சண்டை இல்லை. இவ்வளவு இருந்தும் முதல் வேலையாக நான் இதைச் சொல்லமாட்டேன். ஆபத்தான சரக்குக்குத் தனிப் பயிற்சி எடுத்து லைசென்ஸில் பதிய வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு நாள் மறுபயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும். அது பெரிய தடை இல்லை. தொட்டிக்குள் திரவம் அசைவதுதான் தடை. வளைவில் வண்டி திரும்பிய பிறகும் உள்ளே இருப்பது பழைய பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது டேங்கர் தனியே கழன்று கவிழ்ந்ததும், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் நினைவிருக்கும். ஆனால் இதில் ஒரு நல்ல வழி உண்டு. எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த நிபந்தனைகளால் டேங்கரில் மாற்று ஆளுக்குத் தேவை இருக்கிறது. வெளியூர் லோடு ஓடும் லைன் லாரியில் ஒரு வருடம் முடித்துவிட்டு, மூத்த டிரைவரோடு இரண்டாவது ஆளாக ஏறினால் நல்ல தொடக்கம்.

டிப்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம். டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வைத்தால் வேகத்தைத் தவிர வேறு எதைக் கற்றுக்கொள்ள முடியும்?

ஆக, கல்யாணமாகாத இருபத்துச் சொச்ச வயதுக்காரர் கேட்டால், பல வருடமாக ஒரே டிரைவர் நிலைத்திருக்கும் சிறு ஓனரைத்தான் காட்டுவேன். முதல் சில மாதம் அந்த டிரைவரோடு இரண்டாம் ஆளாகப் போக வேண்டும். 2018 வரை நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் வேண்டும் என்று விதி இருந்தது. அது தளர்ந்த பின் செலவைக் குறைக்க ஒற்றை ஆளாக அனுப்புவது பெருகிவிட்டது. முதல் டிரிப்பே தனியாக அனுப்புகிறேன் என்பவர் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ வயதான அப்பா அம்மாவோ இருந்தால் பார்சல் லைன்.

சேர்வதற்கு முந்தைய நாள் வண்டி எண்ணை எம்-பரிவாஹன் செயலியில் போட்டு, இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட் தேதிகளைப் பாருங்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதை புக்கையே வாங்கிப் பாருங்கள். விசாரிப்பதை ஓனரிடம் நிறுத்தாமல், அவரிடம் வேலையை விட்டுப் போன டிரைவரிடமும் விசாரியுங்கள். சரக்குக் குறைந்தால் யார் கட்டுவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய அட்வான்ஸ் கொடுத்தால் வாங்காதீர்கள், அது கழியும்வரை நீங்கள் நினைத்தாலும் வெளியே போக முடியாது. ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸில் வைத்துவிட்டுப் போ என்றால், நகல் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.